அத்தை படித்துச் சொன்ன ஊமைப்படம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், முதலில் பார்த்த சினிமா எது என்ற பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. ஒருத்தர் சாமி படம் என்பார், ஒருத்தர் கத்திச் சண்டைப் படம் என்பார், உடனே இரண்டு பேரும் பாட ஆரம்பித்துவிடுவார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. நான் முதலில் பார்த்த படத்தில் பாட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது. வெள்ளைக்காரர்களுடைய ஊமைப்படம். ஊருக்குள் தியேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஆரணி அரிசி மில் களத்தில் உட்கார்ந்து ஊமைப்படம் பார்த்தேன் என்றால் கதை விடுகிறாள் என்பீர்கள். இப்போது எழுதியே விடுகிறேன். நம்புகிறவர்கள் நம்புங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. தியேட்டர் இருந்தும் நான் போனதில்லை. எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் தியேட்டர் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். அப்பா பட்டு முதலாளி. பட்டு நூலும் ஜரிகையும் வாங்கித் தெருவில் இருபது வீட்டுத் தறிகளுக்குக் கொடுத்து, நெய்து வரும் புடவைகளை வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புவார். அந்த வெளியூர்க் கடைகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதிப் போடுவது அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் கூடப் பிறந்த தங்கை. பெற்றவர்கள் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அப்பாதான் வளர்த்தார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அப்போது இருபத்திரண்டு வயதிருக்கும். எங்கள் தெருவில் அந்த வயதில் கல்யாணமாகாமல் இருந்த பெண் அவள் ஒருத்திதான். அதற்காகத் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிற வழக்கமெல்லாம் அவளிடம் இல்லை. நிமிர்ந்து நடப்பாள், வேகமாக நடப்பாள். கூடப் போனால் நான் ஓடத்தான் வேண்டும். வந்தவாசியில் ஒரு ஜவுளிக் கடைக்காரர் வீட்டில் அவளுக்கு இடம் பேசியிருந்தார்கள். பங்குனி முடிவதற்குள் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்தப் பங்குனியில்தான் பிரச்சார வண்டி வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும். பச்சை வண்டி, பின்பக்கக் கதவைத் திறந்தால் படம் காட்டுகிற மிஷின், தெருவில் ஒரு வெள்ளைத் திரை. நெல்லுக்கு மருந்தடிப்பது எப்படி, அம்மை குத்திக்கொள்வது எப்படி என்று இலவசமாகக் காட்டுவார்கள். அரசாங்கம் காட்டுகிற படத்தில் கெட்டுப்போக ஒன்றும் இருக்காது என்று அப்பா தைரியமாக எங்களை அனுப்பினார். பாவம், அவர் கணக்கு அப்படி இருந்தது.

முதல் நாளே வண்டியின் ஒலிபெருக்கிப் பெட்டி புகைந்துவிட்டது. ரிப்பேருக்கு வேலூர் போன பெட்டி எப்போது திரும்பும் என்று தெரியவில்லை. படக்காரரோ, சத்தம் இருக்கிறதோ இல்லையோ, படம் காட்டினேன் என்று பெரிய மனிதர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கித் தினக்குறிப்பில் சேர்த்தாக வேண்டும். வண்டிக்குள் துழாவினார். அடியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஐந்து சுருள் ஊமைப்படம். யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று அவருக்கே தெரியாது. முதல் சுருளின் ஆரம்பம் கிழிந்து போயிருந்ததால் படத்தின் பெயரும் தெரியாது.

படக்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒல்லியான மனிதர், முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகச் சம்பளம் வாங்கியவர் அவர்தான். யார் பேசினாலும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார். அவருக்குத் திமிர் என்று தெருவில் சிலர் சொன்னார்கள். கூச்சம் என்பது எனக்குப் பத்து வயதிலேயே புரிந்தது, பெரியவர்களுக்கு ஏன் புரியவில்லை என்று தெரியவில்லை.

அரிசி மில்காரர் நெல் உலர்த்துகிற களத்தைத் தந்தார். பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்டுத் தரை, ஆறரை மணிக்கும் பாவாடைக்குள் சுடும். அவித்த நெல்லின் வாடை. சுருள் ஓட ஆரம்பித்ததும் திரையில் ஒரு மாளிகை, குதிரை வண்டி, தொப்பி போட்ட ஆட்கள். எல்லோரும் பேய் துரத்துகிற மாதிரி ஓடினார்கள். நடுநடுவே கறுப்புப் பலகையில் இங்கிலீஷ் எழுத்து வந்து, என்ன ஏது என்று பார்ப்பதற்குள் மறைந்தது. சனங்கள் சத்தம் போட்டார்கள். "இன்னா எழுதிகீதுன்னு சொல்லுப்பா."

படக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "மிஷின பாத்துகினு இதையும் படிக்க முடியாதுங்க. என் இங்கிலீஷ் கொஞ்சம் ஸ்லோங்க. நான் படிக்கறதுக்குள்ள எழுத்து பூடும். இங்க படிச்சவங்க யாருனா இருந்தா வந்து சொல்லலாம்."

முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தார். "நம்ம வூட்டுப் பொண்ணு எஸ்.எஸ்.எல்.சி. பாஸு. பம்பாய் கடைக்கு லெட்டர் போடறதே அதுதான். ஏம்மா, போய்ப் படிச்சிச் சொல்லு."

இருநூறு பேருக்கு முன்னால் ஒரு வயசுப் பெண்ணை எழுப்பி நிறுத்தியது அப்பாதான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் யார் யாரையோ குற்றம் சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன்.

அத்தை போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டேன். எழுத்து வந்தது. "பெரிய வீட்டில்..." என்று அவள் தொடங்குவதற்குள் எழுத்து போய்விட்டது. அடுத்தது வந்தது, அதுவும் பாதியில் போனது. முதல் நாள் முழுக்க அரைகுறை வாக்கியங்கள்தான். பெரிய வீட்டுப் பையன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு ஒரு பணக்காரப் பெண்ணை நிச்சயம் செய்திருக்கிறார்கள், கல்யாணத் துணி தைக்க ஓர் ஏழைத் தையல்காரி அந்த வீட்டுக்கு வருகிறாள் என்பது வரைக்கும் தேறியது. கால் மணி நேரத்தில் சுருள் முடிந்தது. மிஷினுக்கு விளக்கு ஒன்றுதான் இருக்கிறது, நிறைய எரித்தால் போய்விடும், அதனால் ஒரு நாளைக்கு ஒரு சுருள்தான் என்று படக்காரர் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் விட்டு அடுத்த சுருள். அத்தை வேண்டா வெறுப்பாகத்தான் வந்து நின்றாள், முதல் நாள் தடுமாறியது அவளுக்கு அவமானமாக இருந்தது. படம் தொடங்கியது. எல்லோரும் நிதானமாக நடந்தார்கள். குதிரை குதிரையைப் போல நடந்தது. கறுப்புப் பலகையில் எழுத்து வந்தது, நின்றது. அத்தை முழுதாகப் படித்து, மனதுக்குள் திருப்பி, தமிழில் சொல்லி முடிக்கும் வரை நின்றது. அவள் ஒரு தரம் மிஷின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

நடந்தது என்னவென்றால், அந்த மிஷினில் ஊமைப்படத்துக்கென்று மெதுவாக ஓட்டுகிற பொத்தான் ஒன்று இருந்திருக்கிறது. பேசும் படங்களே ஓட்டிப் பழகியவருக்கு அது தெரியாது. பகலெல்லாம் பயணியர் பங்களாவில் மிஷினைக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். "நீங்க படிக்கறதுக்கு டைம் பத்தலன்னு தெரிஞ்சிச்சிங்க" என்று மட்டும் சொன்னார். ஆண்கள் பெண்களுக்காக என்னென்னவோ செய்ததாகக் கதைகளில் படித்திருக்கிறேன். ஒரு பெண் படித்து முடிக்கட்டும் என்று எழுத்தை நிறுத்தி வைத்த ஆண் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அதற்கப்புறம் அத்தையைப் பிடிக்க முடியவில்லை. கறுப்புப் பலகையில் ஒரு வரி இருந்தால் இவள் மூன்று வரி சொன்னாள். பையனின் அம்மாவுக்கு ஒரு குரல், தையல்காரிக்கு ஒரு குரல். குச்சியில் மாட்டிய கண்ணாடியை உயர்த்தி அந்த அம்மாள் தையல்காரியை மேலும் கீழும் பார்த்தபோது, அத்தை எங்கள் தெருவில் சில பேர் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டினாள். யாரைச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது, அந்தச் சில பேர் உட்பட.

மூன்றாவது சுருளில் ஓர் இடம். பையனுடைய சட்டைக் கையில் பொத்தான் அறுந்திருக்கிறது. கழற்றித் தா என்கிறாள் தையல்காரி. அவன் கையை மட்டும் நீட்டுகிறான். போட்ட சட்டையோடேயே பொத்தானைத் தைக்கிறாள். தைத்து முடித்ததும் கத்தரியைத் தேடுகிறாள், காணவில்லை. குனிந்து அவன் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. களத்தில் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அந்த இடத்துக்கு எழுத்தே வரவில்லை, அத்தையும் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ காதல் படம் பார்த்துவிட்டேன். அதற்கு ஈடாக ஒன்றைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

படம் விட்டதும் தெருவே சேர்ந்து நடந்து திரும்புவோம். படக்காரரும் டார்ச் அடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் வருவார். அவரும் அத்தையும் பேசியதெல்லாம் அந்தப் படத்தைப் பற்றித்தான். நான் நடுவில் நடந்தேன், எல்லாம் கேட்டேன்.

"அவ அந்தம்மாகிட்ட ரெண்டு வார்த்த கேட்டிருக்கலாம். வாய மூடிகினு நிக்கறா" என்பாள் அத்தை.

"கேட்டா வேல பூடுங்க. வாடகை அவதான குடுக்கணும்."

"அதுக்காக?"

"நீங்க வாடகை குடுத்ததில்லீங்க" என்றார் படக்காரர். அத்தை நாலு வீடு தாண்டினாள். பிறகு, "ஆமா, குடுத்ததில்ல" என்றாள். அவள் யாரிடமும் தோற்று ஒப்புக்கொண்டு நான் அதுவரை கேட்டதில்லை.

இப்போது தறிக்கார மாமாவைச் சொல்ல வேண்டும். அப்பாவிடம் நெய்தவர்களில் மூத்தவர். கையால் தொடாமலே, பத்தடி தள்ளி நின்று, எந்தத் தறியில் இறங்கிய புடவை என்று சொல்லிவிடுவார். அவருக்கு முதல் சுருளிலிருந்தே ஒரு சந்தேகம். அதை இரண்டாம் நாள் நடுப் படத்தில் எழுந்து நின்று கேட்டார்.

"பாப்பா, நீ இன்னா படிச்சிகினு கீற? தையக்காரின்றியே. தையக்காரிக்கு ஏது அந்த மேல்துணி? அது பட்டு."

தையல்காரி எப்போதும் தோளில் ஒரு பழைய துப்பட்டியைப் போர்த்தியிருப்பாள். அதைத்தான் சொல்கிறார்.

"எழுத்துல ஏழைன்னுதான் மாமா போட்டுகீது."

"எழுத்து எவன் வேணா எழுதுவான். மடிப்பு எப்படி வுழுது பாரு. நல்ல முறுக்கு நூலு. அந்தப் பணக்காரி போட்டுகினு மினுக்குறாளே, அதுதான் ஆர்ட் சில்க், போலிப் பட்டு."

அவ்வளவுதான், களமே பிடித்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து பட்டோடு புழங்கியவர்கள், அந்த ஊமைப்படத்தை யாரும் பார்க்காத விதத்தில் பார்த்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தார்கள். தையல்காரி நிஜத்தில் பெரிய வீட்டுப் பெண்தான், குழந்தையில் தொலைந்திருப்பாள், ஏதோ சதி, கடைசிச் சுருளில் எல்லாம் வெளியே வரும் என்று முடிவே கட்டிவிட்டார்கள். நூல் சுற்றும்போதும் பாவு இழுக்கும்போதும் அதே பேச்சு. எங்கள் வீட்டில் அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். நாலாவது சுருளில் பையனின் அம்மா தையல்காரியை வீட்டைவிட்டுத் துரத்தியபோது அப்பா துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பெரிய எடத்துப் பொண்ணு, எப்படிச் சீரழியுது பாரு" என்றார். அவள் பெரிய இடம் இல்லையென்றால் அந்தத் துண்டுக்கு வேலை இருந்திருக்குமா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அத்தை மட்டும் இந்தப் பேச்சில் சேரவில்லை. நாலாம் சுருள் முடிந்த ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் கேட்டாள். "ஏன் அண்ணி, அவ கடைசில ஏழையாவே இருந்துட்டா, அவன் கட்டிக்கக் கூடாதா?"

"அது எப்படி? அப்புறம் இன்னாத்துக்கு படம் எடுக்கறாங்க?" என்றாள் அம்மா.

ஐந்தாவது சுருளுக்குக் களம் நிரம்பி, மில்லின் சுவர்மேலெல்லாம் ஆட்கள். தையல்காரி ஒரு சின்ன அறையில் காய்ச்சலாகப் படுத்திருக்கிறாள். பையன் தேடிக்கொண்டு வருகிறான். அவனுக்குப் பின்னால் வெள்ளை மீசை வைத்த ஒரு கிழவர், பெரிய மனிதர், வருகிறார். கிழவர் அவள் முகத்தைப் பார்க்கிறார். கட்டிலில் கிடக்கும் துப்பட்டியைக் கையில் எடுக்கிறார். அதை முகத்தோடு சேர்த்துக்கொண்டு அழுகிறார். கறுப்புப் பலகை வந்தது. நீளமான எழுத்து, நாலைந்து வரி.

அத்தை பேசவில்லை. எழுத்து நின்றுகொண்டே இருந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன், அவள் உதடு அசைந்தது, மனதுக்குள் படிக்கிறாள் என்று தெரிந்தது.

"இன்னாம்மா, படி" என்றார் அப்பா.

"இவரு அந்தப் பையனோட தாத்தா" என்றாள் அத்தை. குரல் கொஞ்சம் கம்மியது, அப்புறம் தெளிந்தது. "இவ்ளோ பழச போத்திகினு காய்ச்சலோட கெடக்கறியேம்மான்னு அழறாரு. நீ ஏழைன்னு எங்களுக்குத் தெரியும், அதுக்காக உன்ன துரத்தனது எங்க தப்பு, வா நம்ம வூட்டுக்குப் போலாம்ன்றாரு."

தறிக்கார மாமா எழுந்தார். "பழசு இல்ல பாப்பா. பட்டு. அதப் பாத்துதான அழறான்."

"பட்டாவே இருக்கட்டும் மாமா. யாருனா குடுத்திருப்பாங்க. இவ ஏழதான். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஏழ. அவனுக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் கட்டிக்கறான்."

திரையில் கல்யாணம் நடந்தது. மணி அடித்தது, புறா பறந்தது, சத்தமில்லாமல். யாருக்கும் திருப்தியில்லை. எங்கேயோ ஒரு சுருள் குறைகிறது என்றார் ஒருத்தர். மறுபடி போடச் சொல்லிக் கத்தினார்கள். படக்காரர் விளக்கு ஆறட்டும் என்று பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடியும் ஓட்டினார். அத்தை மறுபடியும் அதையே சொன்னாள், இரண்டாம் தடவை குரல் கம்மவில்லை. படக்காரர் அந்த முறை திரையையும் பார்க்கவில்லை, மிஷினையும் பார்க்கவில்லை. அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அப்பா காபி குடித்துக்கொண்டே, வந்தவாசிக்காரர்கள் புதன்கிழமை வருகிறார்கள் என்றார். அத்தை தூணைப் பிடிக்கவில்லை, அழவில்லை. "அவங்கள வரச் சொல்லாதீங்க அண்ணா. நான் படம் காட்டறவர கட்டிக்கறேன்" என்றாள்.

அம்மாதான் முதலில் பேசினாள். "அவருக்குத் தெரியுமா?"

"கேட்டேன். உங்க அண்ணன் ஒத்துக்க மாட்டாருங்கன்னாரு. வேணாம்னு சொல்லல."

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. கடைக்குப் போனார். போகும் வழியில் என் தாய்மாமாவைக் கூப்பிட்டு, சேத்துப்பட்டு பஸ் ஏற்றிவிட்டார். படக்காரரின் ஊருக்குப் போய் விசாரித்து வர வேண்டும். என்ன விசாரிப்பது என்று அவர் சொன்னதை மாமா பின்னால் சிரித்துச் சிரித்துச் சொல்வார். பாட்டன் முப்பாட்டன் காலத்திலாவது நிலம் நீச்சு இருந்து போயிருக்குமா, கோயிலில் முதல் மரியாதை உண்டா, பழைய பத்திரம் ஏதாவது கிடக்கிறதா என்று தோண்டித் துருவிக் கேட்க வேண்டுமாம். யோசித்துப் பாருங்கள். துப்பட்டியைப் பார்த்துப் பெரிய வீடு என்று சொன்ன கூட்டத்தில் அப்பாவும் ஒருவர்தானே. படக்காரருக்கும் ஒரு துப்பட்டி இருக்காதா என்று தேடினார். தங்கைக்காக அந்த அளவு இறங்கி வரத் தயாராக இருந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

தாய்மாமா சாயங்காலம் திரும்பி அப்பாவிடம் சொன்னார். "கூர வூடு மாமா. அப்பாரு நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போறாரு, அம்மாவும்தான். தாத்தா காலத்துலயும் அதேதான். சாதியும் நம்மள்து இல்ல."

"வேற ஒண்ணுமே இல்லியா?"

"மோர் குடுத்தாங்க. நல்லா இருந்துச்சி."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் அம்மா ஒரு வழி சொன்னாள். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். "முன்ன பத்து ஏக்கர் இருந்துச்சி, பங்காளித் தகராறுல பூடுச்சின்னு தெருவுல சொல்லிடலாம். யாரு போய்ப் பாக்கப் போறாங்க? சாதிய பத்தி கேட்டா, தூரத்து ஒறவுன்னு மழுப்பிக்கலாம். அவரையும் அப்படியே சொல்லச் சொல்லிடலாம்."

அப்பா நிமிர்ந்தார். முகத்தில் உயிர் வந்தது. "அப்படின்னா யோசிக்கலாம். கல்யாணத்த நம்ம வூட்லயே வெச்சிக்கலாம். என்னம்மா சொல்ற?"

அத்தைக்கு முன்னால் என்ன இருந்தது என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது. தலையை ஆட்டினால் போதும். வீட்டு வாசலில் பந்தல், அண்ணன் கையால் தாரைவார்ப்பு, பிறந்த வீடு, அண்ணி, நான், எல்லாம் அவளுக்கு உண்டு. மறுத்தால் எதுவும் இல்லை. அந்தப் பொய் யாரையும் கொல்லாது. நானாக இருந்தால் ஆட்டியிருப்பேன், நீங்களும் ஆட்டியிருப்பீர்கள்.

"வேணாம் அண்ணி" என்றாள் அத்தை. "நாளைக்கு அவரோட அம்மா இந்த வூட்டுக்கு வருவாங்க. சேத்துல நின்னு வெடிச்ச காலோட வருவாங்க. பத்து ஏக்கர்காரின்னு அவங்கள நடிக்கச் சொல்லுவீங்களா? ஆயுசுக்கும் நடிக்கணும். அவங்க கூலிக்காரங்கன்னே சொல்லுங்க. அப்படிச் சொல்ல முடியும்னா கல்யாணம் பண்ணி வைங்க."

"அப்படி என்னால முடியாதும்மா" என்றார் அப்பா. அவர் அழுதார். அன்றைக்குத் துடைத்துக்கொள்ளத் துண்டு பக்கத்தில் இல்லை.

"சரி அண்ணா" என்றாள் அத்தை. அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறமும் ஆவணி வரை அதே வீட்டில் இருந்தாள், பம்பாய்க் கடிதங்களை எழுதிக் கொடுத்தாள். சண்டை போட்ட வீடு என்று யாரும் சொல்ல முடியாது.

ஆவணியில் ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம். அப்பா கடையைவிட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா கோயிலுக்குப் போவதாகச் சொல்லி என்னை இழுத்துக்கொண்டு போனாள். படக்காரர் பக்கத்தில் அவருடைய அப்பாவும் அம்மாவும் சுவரோரமாக நின்றிருந்தார்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. எங்கள் தெருவிலிருந்து யாரும் வர மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது தறிக்கார மாமா சலவை வேட்டி கட்டிக்கொண்டு, அப்பாவிடமே சொல்லிவிட்டு, தறியை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தார்.

"படத்துல அவ பணக்காரிதான் பாப்பா. நீ மாத்திச் சொன்ன. என் கண்ணு பொய் சொல்லாது" என்றார். பிறகு குமாஸ்தாவிடம் திரும்பி, "கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்டார்.

மாமா இன்னும் அந்தத் துணியை விடவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை சிரிக்கவில்லை. அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அப்பா மூன்று வருஷம் பேசவில்லை. அத்தைக்குப் பையன் பிறந்த பிறகு, யாரிடமும் சொல்லாமல் சேத்துப்பட்டு பஸ் ஏறினார். இருட்டுவதற்குள் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே, "மோர் நல்லாத்தான் கீது" என்றார். அத்தை தபாலில் படித்து டீச்சரானாள், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கான பேரைப் படிக்க வைத்தாள். அந்தக் களத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. தறிக்கார மாமாவும் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். படக்கார மாமா போய் நாலு வருஷம் ஆகிறது.

போன மாதம் அத்தையின் பையன் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினான். பொத்தான் தைக்கிற கதையை நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், அதை வைத்து எப்படியோ தேடிப் பிடித்துவிட்டான். எந்த நாட்டுக்காரர்களோ பழைய சுருளைத் துடைத்து இன்டர்நெட்டில் ஏற்றியிருக்கிறார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் பார்த்தேன். இப்போது எனக்கும் இங்கிலீஷ் தெரியும். கடைசிச் சுருள் வந்தது. கிழவர் துப்பட்டியை எடுத்து அழுதார். கறுப்புப் பலகை வந்தது, நான் அதை நிறுத்திப் படித்தேன். இந்தப் பட்டு என் மகளுக்கு நான் கொடுத்தது, நீ என் பேத்தி, என் சொத்தெல்லாம் உனக்குத்தான் என்று போட்டிருந்தது.

பிறகு அத்தைக்குப் போன் செய்தேன். எண்பதை நெருங்குகிறாள், குரல் இன்னும் வகுப்பறைக் குரல்தான்.

"அத்தை, அந்தப் பொண்ணு பணக்காரியாமே" என்றேன்.

"ஆமா."

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"அவ்ளோ நீளமா எழுதிப் போட்டா தெரியாதா இன்னா?"

"மாமாவுக்கு?"

"அவருக்கு முந்தின நாளே தெரியும். பங்களா செவுத்துல ஓட்டிப் பாத்துட்டாரு. நான் இன்னா படிக்கப் போறேன்னு பாத்துகினு இருந்திருக்காரு."

"அப்புறம் ஏன் மாத்திச் சொன்ன?"

அவள் பக்கத்தில் டி.வி.யை அணைக்கிற சத்தம் கேட்டது.

"களம் மொத்தமும் அவ பணக்காரியா இருக்கணும்னு வேண்டிகினு உக்காந்துகினு இருந்துச்சி. உங்கப்பா மொத வரிசைல. உள்ளத உள்ளபடி படிச்சிருந்தா, மறுநாள் காலைல உங்கப்பா எதிர்ல நான் வாயே தொறந்திருக்க மாட்டேன். வெள்ளக்காரன் படத்துல ஒரே ஒரு பொய் சொன்னேன். அதுக்கப்புறம் எனக்குப் பொய் சொல்ற வேலையே வரலடி."